மிவ்நையின் கடிதம் நின்றுபோன இடம்

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, எங்கள் ஊர் நூலகத்தின் வாசகர் வட்டத்தில் பட்டுப்பாதையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். முடிக்கும்போது நான் சொன்ன வாக்கியம் இது: “பேரரசுகள் அமைதியைத் தந்தன, அந்த அமைதியில் வணிகம் செழித்தது, வணிகத்தின் தோளில் ஏறிப் பண்பாடு பயணம் போனது.” பலர் அதைக் குறித்துக்கொண்டார்கள். பள்ளி ஆசிரியர் ஒருவர் மறுநாள் தொலைபேசியில் அழைத்து, அதை வகுப்புக் கரும்பலகையில் எழுதிப்போட்டதாகச் சொன்னார். எனக்கும் அப்போது மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. அடுத்த சில மாதங்களில், மத்திய ஆசிய வணிக மக்களான சோக்தியர்கள் எழுதிய பழைய கடிதங்களின் மொழிபெயர்ப்பைப் படிக்க நேர்ந்தது. அன்றிலிருந்து அந்த வாக்கியம் செருப்புக்குள் புகுந்த கல்லைப் போல உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதில் பொய் என்று ஒரு சொல்லைச் சுட்டிக்காட்டுவது கடினம். ஆனால் அதற்குள் மனிதர் ஒருவரும் இல்லை. பேரரசு தருகிறது, வணிகம் செழிக்கிறது, பண்பாடு போகிறது. நடந்து போனவர், கடன்பட்டவர், பாதிவழியில் கைவிடப்பட்டவர் யாருக்கும் அதில் இடமில்லை. அந்த வாக்கியத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

கோபுரத்து இடிபாட்டில் கிடந்த தபால்

சீனத்தின் மேற்கு எல்லையில், துன்ஹுவாங் நகரத்துக்கு மேற்கே, பாலை மணலில் பழைய காவல் கோபுரங்கள் வரிசையாக நிற்கின்றன. 1907-ஆம் ஆண்டு தொல்லியலாளர் ஆரல் ஸ்டைன் அவற்றை ஒவ்வொன்றாகத் தோண்டிப் பார்த்துக்கொண்டே போனார். அவற்றுள் ஒரு கோபுரத்தின் இடிபாட்டுக் குப்பைக்குள் மடித்துக் கட்டிய காகிதங்கள் அகப்பட்டன. பிரித்துப் பார்த்தபோது ஏறக்குறைய முழுமையாக ஐந்து கடிதங்களும் வேறு சில துண்டுகளும் இருந்தன. மொழி சோக்தியம், அதாவது சமர்கண்ட், புகாரா வட்டாரத்தில் அந்நாளில் பேசப்பட்ட ஈரானிய மொழி. எழுத்து, அரமேய எழுத்திலிருந்து கிளைத்தது. இன்று அவை லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. இந்த மொழியை வரி வரியாகப் படித்துப் பொருள் சொன்னவர்களில் முதன்மையானவர் நிக்கோலஸ் சிம்ஸ்-வில்லியம்ஸ். அவர் போன்றவர்களின் பொறுமை இல்லாவிட்டால் நான் இங்கே எழுதுவதற்கு ஒன்றும் இருந்திராது.

இரண்டாம் கடிதம் என்று எண்ணிடப்பட்டதைத்தான் வரலாற்றாசிரியர்கள் அதிகம் பேசுகிறார்கள். ஏறக்குறைய ஒரு முழ நீளமும் ஒரு சாண் அகலமும் கொண்ட தாள் அது. பட்டுத் துணியில் சுற்றி, அதன்மேல் முரட்டுத் துணி உறையிட்டு, சமர்கண்டுக்குச் சேர வேண்டும் என்று மேலே எழுதியிருந்தார்கள். சமர்கண்ட் அங்கிருந்து 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. எழுதியவர் நனாய்வந்தக் என்ற வணிகர். ஊரில் இருந்த முதலாளிகளுக்கு எழுதுகிறார். பஞ்சத்தால் பேரரசர் தலைநகரமான லுவோயாங்கை விட்டு ஓடிவிட்டார், அரண்மனையும் நகரமும் தீக்கிரையாயின, லுவோயாங் இனி இல்லை, யெ நகரமும் இனி இல்லை என்று அவர் செய்தி சொல்கிறார். அழித்தவர்களை ‘ஹூணர்’ என்று குறிக்கிறார். லுவோயாங்கில் இருந்த இந்தியர்களும் சோக்தியர்களும் பட்டினியால் மாண்டுபோனதையும் எழுதுகிறார். கி.பி. 311-இல் வடபுல நாடோடி மக்களான ஷியோங்னுவின் படைகள் லுவோயாங்கைச் சூறையாடியது சீன வரலாற்றில் பதிவான நிகழ்ச்சி. அதை வைத்துத்தான் மொழியறிஞர் வால்டர் ஹென்னிங் 1948-இல் இந்தக் கடிதங்களை கி.பி. 312, 313-ஐ ஒட்டியவை என்று கணித்தார்.

சீனத்தில் நடந்ததை எல்லாம் எழுதினால் துயரத்துக்கு முடிவே இராது, அதனால் உங்களுக்கு ஆதாயமும் இல்லை என்கிற பொருளில் ஒரு வரி எழுதிவிட்டு, நனாய்வந்தக் வேறு கவலைக்குத் திரும்புகிறார். தான் துன்ஹுவாங்குக்கு அனுப்பிவைத்த 32 கஸ்தூரிப் பைகளை எப்படிப் பங்கிட வேண்டும் என்று சொல்கிறார். சமர்கண்டில் தான் விட்டுவந்த பணத்தைத் தந்தையற்ற ஒரு சிறுவனின் பேரில் முதலீடு செய்யும்படி கேட்கிறார். அவன் வளர்ந்ததும் ஒரு பெண்ணைப் பார்த்து மணமுடித்து வையுங்கள், உங்கள் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். ஒரு பேரரசின் தலைநகரம் எரிந்த செய்தியும் ஒரு பிள்ளையின் கல்யாணமும் ஒரே தாளில், ஒரே மையில் இருக்கின்றன. நான் முதலில் படித்தபோது தலைநகரச் செய்தியைத்தான் அடிக்கோடிட்டேன். இப்போது என் பிரதியில் அந்தப் பிள்ளையைப் பற்றிய வரிகளுக்குக் கீழேதான் கோடு அழுத்தமாக இருக்கிறது.

“இனிமே நலம்னு எழுதாதப்பா”

எனக்குள் ஒன்றைப் புரட்டிப்போட்டது மூன்றாம் கடிதம். துன்ஹுவாங்கில் சிக்கிக்கொண்ட மிவ்நை என்ற பெண், கணவன் நனாய்தாத்துக்கு எழுதியது. தொடக்கம் முழுவதும் முறைமை: என் தலைவரும் கணவருமான நனாய்தாத்துக்கு, தெய்வங்களுக்குச் செய்வதுபோல மண்டியிட்டு வணக்கம், நீங்கள் நோயில்லாமல் மகிழ்ச்சியோடு இருப்பதைக் காணும் நாள் நல்ல நாள், உங்கள் நலச் செய்தி கேட்டால் எனக்குச் சாவே இல்லை என்று எண்ணிக்கொள்வேன். அதே மூச்சில் அடுத்த வரி: நான் இங்கே கெட்டு, சீரழிந்து வாழ்கிறேன், செத்தவளாகவே என்னைக் கருதுகிறேன். மறுபடி மறுபடி கடிதம் எழுதுகிறேன், உங்களிடமிருந்து ஒரு பதிலும் இல்லை. உங்கள்மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது. உங்களால் மூன்று ஆண்டுகளாகத் துன்ஹுவாங்கில் கிடக்கிறேன். இங்கிருந்து புறப்பட ஒரு தடவை இல்லை, ஐந்து தடவை வழி கிடைத்தும் என்னை அழைத்துப் போக மறுத்துவிட்டார்கள். உங்கள் சொல்லைக் கேட்டு இங்கே வந்தேன். என் அம்மா சொன்னதையும் அண்ணன் தம்பிகள் சொன்னதையும் கேட்கவில்லை. உங்கள் பேச்சைக் கேட்ட அந்த நாளில் தெய்வங்களுக்கு என்மேல் கோபம் இருந்திருக்க வேண்டும். உங்களுக்கு மனைவியாக இருப்பதைவிட ஒரு நாய்க்கோ பன்றிக்கோ மனைவியாக இருந்திருக்கலாம்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்துபோனேன். நான் ஒன்பதாம் வகுப்பு படித்த காலத்தில், எங்கள் தெருவில் இருந்த ஓர் அக்காவுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது என் வேலையாக இருந்தது. அவருடைய கணவர் சவூதியில் கட்டட வேலைக்குப் போயிருந்தார். அக்கா திண்ணையில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, நீல நிற ஏர்மெயில் தாளில் நான் எழுதுவேன். ‘என்றும் அன்புள்ள அத்தான் அவர்களுக்கு, இங்கு யாவரும் நலம், தங்கள் நலமறிய ஆவல்’ என்பதை அவர் சொல்லாமலே எழுதிவிட்டுத்தான் நிமிர்ந்து பார்ப்பேன். இரண்டு ஆண்டுகள் கழித்துப் பதில் வருவது நின்றது. பணமும் நின்றது. ஆனாலும் மாதம் ஒரு கடிதம் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் நான் வழக்கம்போல முதல் வரியை எழுதிவிட்டு நிமிர்ந்தபோது அக்கா சொன்னார்: “இனிமே நலம்னு எழுதாதப்பா. அது இல்லாம ஆரம்பி.” எப்படி ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. முறைமையாக ஒரு வரி இல்லாமல் கடிதம் என்ற ஒன்றைத் தொடங்கவே எனக்குக் கற்றுத் தரப்படவில்லை. பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மிவ்நையின் கடிதத்தில் வணக்கத்துக்கும் வசவுக்கும் நடுவே இருக்கும் அந்தத் திருப்பத்தை நான் ஏற்கெனவே ஒரு திண்ணையில் பார்த்திருக்கிறேன்.

கடிதம் மிவ்நையோடு முடியவில்லை. மகள் ஷைன் அதன் கீழே தன் பங்குக்குச் சில வரிகள் சேர்த்திருக்கிறாள். ஃபர்ன்குந்த் என்பவன் ஓடிவிட்டான். சீனர்கள் அவனைத் தேடியும் காணவில்லை. அவன் பட்ட கடனுக்காக நானும் அம்மாவும் சீனர்களுக்கு வேலைக்காரிகளாகிவிட்டோம் என்று அப்பாவுக்குத் தெரிவிக்கிறாள். இந்தக் கடிதம் நனாய்தாத்தின் கைக்குப் போய்ச் சேரவில்லை. 1907 வரைக்கும் அந்தக் கோபுரத்தடியிலேயே கிடந்தது.

‘பண்பாட்டுப் பரிமாற்றம்’ என்று நாம் பெயர் சூட்டியிருக்கும் ஒன்றின் நடு மையத்தில் இந்த இருவரும் இருந்தார்கள். துன்ஹுவாங்கைவிடப் பொருத்தமான ஊர் அதற்குக் கிடையாது. சோக்தியப் பெண் ஒருத்தி, சீனப் பேரரசின் எல்லை நகரத்தில், மேற்காசியாவிலிருந்து வந்த எழுத்தில், சீனர் கண்டுபிடித்த காகிதத்தில் கடிதம் எழுதுகிறாள். நான் அன்று பேசிய பேச்சுக்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டாம். ஆனால் அந்தப் பெண்ணிடம் போய், “அம்மா, நீங்கள் பரிமாற்றம் செய்துகொண்டிருக்கிறீர்கள்” என்று சொல்ல எனக்கு வாய் வருமா? அவள் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. அவளைத்தான் இன்னொருவன் கடனுக்கு மாற்றிக்கொண்டார்கள்.

அமைதி தந்தது யார், சம்பளம் தந்தது யார்

‘பேரரசுகள் அமைதியைத் தந்தன’ என்ற முதல் துண்டை எடுத்துக்கொள்கிறேன். பழைய சீனத்தின் ஹான் பேரரசின் தூதராக மேற்கே போன ஜாங் சியென் கதை பலருக்கும் தெரியும். அவர் பாதை திறந்தார் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். ஆனால் ஷியோங்னு மக்களிடம் பத்தாண்டு சிறைப்பட்டிருந்துவிட்டு அவர் இன்றைய ஆப்கானிஸ்தானின் வடபகுதியான பாக்திரியாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது, அங்கே சந்தையில் சிச்சுவான் பகுதியின் துணியையும் மூங்கில் தடிகளையும் பார்த்தார். எங்கிருந்து வந்தவை என்று கேட்டதற்கு, இந்தியாவில் வாங்கி வந்தோம் என்றார்களாம். தூதருக்கு முன்பே சரக்கு போய்ச் சேர்ந்துவிட்டது. பாதையைத் திறந்தவர் என்று சொல்லப்படும் மனிதர், திறந்தே கிடந்த ஒரு பாதையின் மறுமுனையில் நின்று வியந்திருக்கிறார்.

அப்படியானால் பேரரசு செய்தது என்ன? துன்ஹுவாங் அருகே ஷுவான்ச்சுவான் என்ற ஹான் காலத்து அஞ்சல் நிலையத்தை 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அகழ்ந்தபோது, எழுத்துள்ள மரச்சீவல்கள் 20,000-க்கும் மேல் கிடைத்தன. அவற்றில் கி.மு. 39-ஆம் ஆண்டுக்குரிய ஒரு புகார் இருக்கிறது. மேற்கிலிருந்து, கங்ச்சு நாட்டிலிருந்து, ஒட்டகங்களோடு வந்த தூதர்கள் கொடுத்தது. நாங்கள் கொண்டுவந்தவை கொழுத்த வெள்ளை ஒட்டகங்கள். உங்கள் அதிகாரிகள் அவற்றை இளைத்த மஞ்சள் ஒட்டகங்கள் என்று எழுதி விலையைக் குறைத்துவிட்டார்கள் என்பது அவர்கள் குறை. தூதர் என்ற பெயரில் வந்தவர்கள் வியாபாரிகள்தான். காணிக்கை என்ற பெயரில் நடந்ததும் விற்பனைதான். வாங்கியது அரசு. அந்தப் பாதையின் மிகப் பெரிய வாடிக்கையாளர் எந்தத் தனிவணிகரும் அல்லர், அரசுதான் என்பதை இந்த ஒட்டகத் தகராறு எனக்கு உணர்த்தியது.

பல நூற்றாண்டுகளுக்குப் பின் சீனத்தை ஆண்ட தாங் பேரரசின் காலத்தில் இது இன்னும் வெளிப்படை. மேற்கு எல்லையில் நிறுத்திய படைகளுக்குச் சம்பளமும் தீனிச் செலவும் கட்டுக்கட்டாகப் பட்டுத் துணியாகவே போயின. அங்கே பட்டு, உடுத்துவதற்கு முன் பணமாக இருந்தது. சந்தையில் கோதுமையும் குதிரையும் அதைக் கொடுத்துத்தான் வாங்கினார்கள். 755-இல் படைத்தலைவர் ஆன் லுஷான் கலகம் செய்தபோது, படைகளை உள்நாட்டுக்குத் திருப்பி அழைத்தார்கள். பட்டு வருவது நின்றது. அந்தப் பாலை நகரங்களின் வணிகமும் சுருங்கிப்போனது. கலகம் செய்த ஆன் லுஷானே சோக்தியத் தந்தைக்கும் துருக்கியத் தாய்க்கும் பிறந்தவர். அமைதியில் வணிகம் செழித்தது என்று நான் சொன்னேன். எல்லையில் நின்ற படையின் செலவில் செழித்தது என்று சொன்னால் உண்மைக்கு இன்னும் பக்கத்தில் வரும்.

இன்னொரு பக்கம், பேரரசு வேண்டாம் என்றால் வணிகத்தைத் தீ வைத்தும் நிறுத்தும். 6-ஆம் நூற்றாண்டில் துருக்கியரின் பேரரசரான ககானின் ஆதரவில், மனியாக் என்ற சோக்தியரின் தலைமையில் ஒரு குழு பாரசீகத்துக்குப் பட்டு விற்கப் போனது. பாரசீகப் பேரரசர் முதலாம் குஸ்ரோ அந்தப் பட்டு முழுவதையும் விலை கொடுத்து வாங்கினார். பிறகு அந்தத் தூதர்களின் கண்முன்னாலேயே கொளுத்தச் செய்தார். எங்கள் நாட்டு வழியாக உங்களுக்கு வியாபாரம் இல்லை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. மனியாக் மனம் தளரவில்லை. காஸ்பியன் கடலுக்கு வடக்கே சுற்றிக்கொண்டு, 568-ஐ ஒட்டிக் கான்ஸ்டான்டிநோபிளில் பைசாந்தியப் பேரரசர் இரண்டாம் ஜஸ்டினின் அவையில் போய் நின்றார்.

ஆனாலும் பேரரசைக் குறைத்துப் பேசி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை; காரணம் ஒரு வழக்கு. சீனத்தின் வடமேற்கில், துர்ஃபான் என்ற பாலைச்சோலை நகரத்தின் அருகே அஸ்தானா இடுகாட்டில், இறந்தவர்களுக்குக் காகிதத்தால் செருப்பும் தொப்பியும் இடைவாரும் செய்து அணிவித்துப் புதைத்தார்கள். அதற்குப் பயன்பட்டவை அலுவலகங்கள் கழித்துப்போட்ட பழைய தாள்கள். அப்படி வெட்டுப்பட்ட தாள்களை ஒட்டவைத்துப் படித்ததில், 670-ஐ ஒட்டி நடந்த ஒரு வழக்கின் விவரம் கிடைத்திருக்கிறது. ட்சாவ் லுஷான் என்ற சோக்தியர் வழக்குத் தொடுக்கிறார். தன் அண்ணன் ஒரு சீன வணிகருக்கு 275 கட்டுப் பட்டைக் கடனாகக் கொடுத்தார். இருவரும் பயணம் புறப்பட்டார்கள். சீனர் ஊர் போய்ச் சேர்ந்தார், அண்ணன் சேரவில்லை. இரண்டு ஒட்டகம், நான்கு மாடு, ஒரு கழுதையோடு போன அண்ணன் என்ன ஆனார் என்று தெரியவில்லை. கடன் பத்திரமும் அவரோடு போய்விட்டது. தம்பி சாட்சிகளைக் கொண்டுவருகிறார். கடன் கொடுத்ததைப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். தாங் அரசின் அதிகாரி, அயலாரான அந்தத் தம்பிக்குச் சார்பாகத் தீர்ப்பு எழுதுகிறார். பத்திரம் இல்லை, ஆள் இல்லை, ஊர் வேறு, மொழி வேறு. இருந்தும் கேட்பதற்கு ஓர் இடம் இருந்தது.

மிவ்நைக்கு அந்த இடம் இல்லை. அவள் தன் தாய் சத்தீஸுக்கு எழுதிய கடிதமும் அதே தபாலில் கிடைத்தது. அதில், யார் யாரிடம் போய் நின்றாள் என்று வரிசையாகச் சொல்கிறாள். சகராக் என்ற மன்றத்தாரிடம் கேட்டாள். நனாய்தாத்துக்கு இங்கே அர்த்திவானைவிட நெருங்கிய உறவு வேறு இல்லை, அவரைக் கேள் என்றார். அர்த்திவானைக் கேட்டாள், அவர் ஃபர்ன்குந்தைக் கைகாட்டினார். ஃபர்ன்குந்தோ, கணவனின் உறவினரே சம்மதிக்காதபோது நான் எப்படி உன்னை அழைத்துப் போவேன், பொறு, நனாய்தாத் வந்தாலும் வருவார் என்றான். ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அனுப்பப்பட்டு அலைந்த எவருக்கும் இந்தப் பத்தியைப் படிக்க விளக்கவுரை வேண்டாம். தன் இனத்தாருக்குள் மட்டுமே நீதி கேட்க முடிந்த ஒரு பெண்ணுக்கு, இனத்தாரே கதவடைத்தபோது கேட்க வேறு வாசல் இல்லை.

சட்டமும் பத்திரமும் எல்லோருக்கும் நிழலாக இருந்தன என்றும் சொல்ல மாட்டேன். அதே அஸ்தானாவில் 639-ஆம் ஆண்டின் சோக்திய மொழிப் பத்திரம் ஒன்று கிடைத்தது. உபாச் என்ற அடிமைப் பெண்ணைச் சமர்கண்டுக்காரர் ஒருவர், சீனக் குடும்பப் பெயர் கொண்ட ஒரு பௌத்தத் துறவிக்கு 120 வெள்ளி திராக்மாவுக்கு விற்கிறார். நாணயங்கள் பாரசீகத்தில் அடிக்கப்பட்டவை, மாற்றுக் குறையாதவை என்று பத்திரம் உறுதி சொல்கிறது. வாங்கியவர் அவளை அடிக்கலாம், கட்டிவைக்கலாம், விற்கலாம், அடகு வைக்கலாம், தானமாகக் கொடுக்கலாம் என்றும் வரிசைப்படுத்துகிறது. ஒரு துருக்கிய நிலத்துப் பெண், ஒரு சோக்தியர், ஒரு சீனத் துறவி, பாரசீக வெள்ளி, இந்தியாவிலிருந்து போன சமயம், அரமேய வழி வந்த எழுத்து. என் பழைய பேச்சில் இந்தப் பத்திரத்தைச் சேர்த்திருந்தால், ‘ஆறு பண்பாடுகள் சந்தித்த இடம்’ என்று சொல்லிக் கைதட்டு வாங்கியிருப்பேன். அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

சாத்து

ஐந்தாம் கடிதத்தில் ஒரு சொல்லைப் பார்த்ததும் எனக்கு உடல் சிலிர்த்தது. அக்கடிதம் அஸ்பந்தாத் என்ற வணிகத் தலைவருக்கு எழுதப்பட்டது. அவருடைய பதவிப் பெயர் ‘சார்த்தபாவ்’. வடமொழியில் வணிகக் கூட்டத்தைச் ‘சார்த்தம்’ என்பார்கள். அதை நடத்திச் செல்பவர் ‘சார்த்தவாகன்’. அந்தச் சொல்தான் பாக்திரியா வழியாகச் சோக்தியத்துக்குப் போய்ச் சார்த்தபாவ் ஆனது. சீனர்கள் அதைச் ‘சாபாவ்’ என்று வாங்கி, அயல் குடியேற்றங்களின் தலைவருக்குரிய அரசுப் பதவியாகவே ஆக்கிவிட்டார்கள். 2003-இல் ஷியான் நகரில் கண்டெடுக்கப்பட்ட ஒரு கல்லறையில், சோக்தியத்திலும் சீனத்திலும் பொறித்த கல்வெட்டு இருந்தது. அதற்குரியவர் விர்காக், லியாங்சோவின் சாபாவாக இருந்து 579-இல் தம் 86-ஆம் வயதில் மறைந்தார். ஒரு மாதம் கழித்து மனைவியும் மறைந்தார். பிள்ளைகள் மூவரும் இருவரையும் ஒன்றாக அடக்கம் செய்தார்கள்.

தென்கோடிக்கு வந்த அதே சொல்தான் நம்முடைய ‘சாத்து’. பெரும்பாணாற்றுப்படையில் மிளகுப் பொதி சுமந்து சுங்கச் சாவடி உள்ள பெருவழியில் போகும் ‘கழுதைச் சாத்து’ அதுதான். கோவலனின் தந்தை மாசாத்துவானின் பெயருக்குள் இருப்பதும் அதுதான். மிவ்நையின் இனத்தார் வணங்கிய பதவிப் பெயரும் புகார் நகரத்துப் பெருவணிகனின் பெயரும் ஒரே வேரில் பிறந்தவை. அந்தச் சோக்தியக் கடிதங்களின் சரக்குப் பட்டியலில் கஸ்தூரி, வெள்ளி, துணி, ஈயவெள்ளை ஆகியவற்றோடு மிளகும் வருகிறது. அது தெற்கே விளையும் சரக்கு. பேரரசு எதுவும் அனுப்பிவைக்காத சொல், எந்தத் தூதரும் சுமக்காத சொல், ஒட்டகத்தின்மேலும் கழுதையின்மேலும் ஏறி இரண்டு திசைகளில் இவ்வளவு தூரம் போயிருக்கிறது. சொற்கள் போகும்போது அவற்றுக்குப் பசிக்காது, கடன்பட வேண்டாம். மனிதருக்கு அப்படி இல்லை.

எப்படியோ எல்லாம் போய்ச் சேர்ந்தது

பண்பாடு பயணம் போனது என்பதை நான் மறுக்கவில்லை. போன விதம்தான் நான் சொன்னதுபோல் இல்லை. மிவ்நை துன்ஹுவாங்குக்கு வருவதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை சீனத்தில் வாழ்ந்த பௌத்தத் துறவி தர்மரக்ஷர் அதே துன்ஹுவாங்கில் பிறந்தவர். தலைமுறைகளுக்கு முன்பு அங்கே குடியேறிய, யூயெச்சி என்ற மத்திய ஆசிய இனத்துக் குடும்பத்துப் பிள்ளை. தாமரைச் சூத்திரம் என்ற பௌத்த நூலை 286-இல் சீனத்தில் மொழிபெயர்த்தார். அவருக்கு முன், காங் செங்ஹுய் என்ற துறவி 247-இல் தென்சீனத்தின் வூ நாட்டுத் தலைநகருக்கு வந்து பௌத்தம் பரப்பினார். சோக்திய வழிவந்த அவருடைய குடும்பம் இந்தியாவில் சில தலைமுறை வாழ்ந்திருந்தது; தந்தை வியாபாரத்துக்காக இன்றைய வியட்நாமின் வடபகுதிக்குப் போனார்; அங்கே சிறுவயதிலேயே பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளை துறவியானார். இவர்களை ‘பண்பாட்டுத் தூதர்கள்’ என்று நான் பேச்சில் குறிப்பிட்டேன். யாரும் அவர்களைத் தூது அனுப்பவில்லை. வியாபாரத்துக்குப் போன இடத்தில் தங்கிப்போனவர்களின் பிள்ளைகள் அவர்கள். வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி என்று வளர்ந்ததால் இரண்டுக்கும் நடுவே நிற்கத் தெரிந்திருந்தது.

மிவ்நையின் கணவன் பெயரிலும் நனாய்வந்தக்கின் பெயரிலும் இருக்கும் நனாய், பல நூற்றாண்டுகளுக்கு முன் மெசபடோமியாவின் உருக் நகரத்துக் கோயில்களில் இருந்த பெண் தெய்வம். குஷாணப் பேரரசர் கனிஷ்கரின் நாணயங்களில் அவள் நிற்கிறாள். ‘நனாயின் அடிமை’ என்பது நனாய்வந்தக்கின் பொருள். சோக்தியர்கள் பௌத்த நூல்களைத் தங்கள் மொழியில் பெயர்த்தபோது பிரம்மாவைச் ‘சுர்வான்’ என்ற தங்கள் தெய்வப் பெயரால் எழுதினார்கள். இந்திரனுக்கும் தங்கள் பெருந்தெய்வத்தின் பெயரையே வைத்தார்கள். அது உய்குர் என்ற துருக்கிய மக்கள் வழியாக மங்கோலியருக்குப் போனது. இன்றும் மங்கோலியப் பௌத்தர்களுக்கு இந்திரன் ‘கோர்முஸ்தா’. பழைய ஈரானின் அஹுர மஸ்தாதான் அது. மிவ்நை எழுதிய எழுத்தின் வழித்தோன்றல் உய்குர் எழுத்தாகி, மங்கோலிய எழுத்தாகி, 1599-இல் மஞ்சு எழுத்தாகவும் ஆகி, பீக்கிங் அரண்மனை வாசல்களின் பெயர்ப்பலகையில் சீன எழுத்துக்குப் பக்கத்தில் ஏறியது. அவளுடைய மொழியின் ஒரு கிளையை இன்று தஜிகிஸ்தானில் யக்னோபி மக்கள் பேசுகிறார்கள்.

இதெல்லாம் அவளுக்கு நடுவே, அவளைத் தாண்டி நடந்தது. அவள் கையில் இருந்த காகிதம், உலக வரலாற்றின் பெரிய பயணங்களில் ஒன்றின் முதல் அடிகளில் இருந்தது. மத்திய ஆசியாவில் அரபுப் படைகளோடு நடந்த தலாஸ் போரில் 751-இல் பிடிபட்ட சீனக் கைதிகள்தான் காகிதத்தை மேற்கே கொண்டுபோனார்கள் என்று நெடுங்காலம் சொல்லிவந்தோம். செய்முறை எப்போது போனது என்பது வேறு பேச்சு. ஆனால் காகிதம் எனும் பொருளைச் சோக்தியர்கள் அதற்கு நானூறு ஆண்டுகள் முன்பே மடித்து, முகவரி எழுதி, பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்கள். மிவ்நைக்கு அது கணவனைத் திட்ட ஓர் இடம், அவ்வளவுதான்.

அந்த ஆசிரியர் கரும்பலகையில் எழுதிய வாக்கியத்தை அழித்திருப்பார், ஆறு ஆண்டுகளாகிவிட்டன. அடுத்த முறை வாசகர் வட்டத்தில் பேசக் கூப்பிட்டால், வரைபடத்தில் பட்டுப்பாதையைக் குறிக்கும் செந்நிறக் கோட்டைக் காட்டாமல் மிவ்நை தன் தாய்க்கு எழுதிய கடிதத்தைப் படித்துக்காட்டப் போகிறேன். உடுத்தத் துணி இல்லை, கையில் காசு இல்லை, கடன் கேட்டால் தருவார் இல்லை, கோயில் பூசாரியின் தருமத்தில் காலம் தள்ளுகிறேன் என்கிறாள். அந்தப் பூசாரி சொன்னதையும் எழுதுகிறாள்: நீ புறப்படுவதானால் ஓர் ஒட்டகம் தருகிறேன், துணைக்கு ஓர் ஆளும் வருவான், வழியில் உன்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன். அதன்பின் தாய்க்கு ஒரு வரி: உன் கடிதம் வரும்வரை அவர் எனக்கு அப்படியே செய்வாராக.